கொள்ளேகால் பற்றிய ஆங்கில ஆவணங்களில் அருஞ்சொற்கள்: பொருள்கோடலில் எழும் சிக்கல்கள்

முன்னுரை

பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் தென்னிந்தியாவைப் பற்றி எழுதப்பெற்ற ஆங்கில நூல்களும் அரசு ஆவணங்களும் தமிழ் ஆய்வுலகில் பெரிதும் பயன்படுத்தப்பட்டு வருகின்றன. நில உடைமை, நீர்ப்பாசனம், வணிகம், சாதி, வட்டார வரலாறு முதலிய பல துறைகளில் அவை முதன்மைச் சான்றுகளாக அமைகின்றன. அவற்றில் இன்றைய ஆங்கிலத்தில் வழக்கொழிந்த, அல்லது பொருள் மாறிப்போன அருஞ்சொற்கள் மிகுதி. அச்சொற்களுள் பல தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்றவை. எனவே தமிழறிந்த ஆய்வாளர் அவற்றைக் கண்டவுடன் வேர்ச்சொல்லை இனங்கண்டு, பொருளும் விளங்கிவிட்டதாகக் கொள்வது இயல்பாக உள்ளது. வேர்ச்சொல்லை அறிதல் வேறு, ஆவணத்தில் அச்சொல் குறிக்கும் பொருளை அறிதல் வேறு என்பதைக் கொள்ளேகால் பற்றிய ஆங்கிலப் பதிவுகளில் பயிலும் சில சொற்களைக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

ஆய்வுக் களம்

கொள்ளேகால் காவிரியின் தென்கரைப் பகுதியில் அமைந்த வட்டம். 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின் மைசூர் அரசிலிருந்து பிரிக்கப்பட்டு ஆங்கிலேயக் கம்பெனியின் ஆட்சிக்கு வந்தது. சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் சேர்க்கப்பட்டு, 1956-ஆம் ஆண்டின் மொழிவழி மாநிலச் சீரமைப்பு வரை அதிலேயே இருந்தது. அதன்பின் மைசூர் மாவட்டத்தில் இணைந்தது. 1997-இல் சாமராசநகர் மாவட்டம் உருவானபோது அதன் பகுதியாயிற்று.

இவ்வரலாறு சொற்பொருள் ஆய்வுக்கு மிகவும் இன்றியமையாதது. கன்னடம் பெருவழக்காகவும் தமிழ் உடன்வழக்காகவும் உள்ள ஒரு நிலப்பகுதியைச் சென்னை மாகாண அலுவலர்கள் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் தம் ஆங்கிலத்தில் விவரித்தனர். அவ்வாங்கிலமோ சோழமண்டலக் கடற்கரையில் தமிழோடும் தெலுங்கோடும் பழகி உருவானது. அதற்கு முன்னரோ, கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் ஆணைப்படி 1800-இல் சென்னையிலிருந்து பயணம் புறப்பட்ட பிரான்சிஸ் புக்கானன், மைசூர் நாட்டுச் சொற்களைத் தம் செவிக்குப் பட்டவாறே பதிவு செய்து இப்பகுதியைக் கடந்து சென்றார். அவருடைய பயண நூல் 1807-இல் இலண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. நிக்கல்சன் தொகுத்த கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு 1887-இல் வெளிவந்தது. ஒரே நிலத்தைப் பற்றிய இவ்விரு நூல்களும் இருவேறு சொல் மரபுகளைச் சார்ந்தவை. அவற்றை அடுத்தடுத்து வைத்துப் படிப்பவர் இவ்வேறுபாட்டை முதலில் உணர்தல் வேண்டும்.

சொற்களஞ்சியங்களும் அவற்றின் எல்லையும்

இத்தகைய சொற்களுக்குப் பொருள் காண மூன்று நூல்கள் பெரிதும் துணைபுரிகின்றன. எச். எச். வில்சனின் நீதி, வருவாய்ச் சொற்களஞ்சியம் 1855-இல் வெளிவந்தது. யூல், பர்னல் ஆகியோரின் 'ஹாப்சன்-ஜாப்சன்' 1886-இல் வெளிவந்து, வில்லியம் குரூக் பதிப்பில் 1903-இல் மறுபதிப்புக் கண்டது. மெக்லீன் பதிப்பித்த சென்னை மாகாண நிருவாகக் கையேட்டின் சொற்களஞ்சியத் தொகுதி 1893-இல் வந்தது.

இவற்றுள் ஹாப்சன்-ஜாப்சன் தனிச் சிறப்புடையது. ஒவ்வொரு சொல்லுக்கும் பழைய நூல்களிலிருந்து ஆண்டு வரிசையில் மேற்கோள் தரும் அதன் முறை, சொல்லின் பொருள் காலந்தோறும் மாறுவதைப் படிப்பவர் கண்முன் நிறுத்துகிறது. தென்னாட்டுச் சொற்களில் அந்நூலுக்குள்ள வலிமை, தஞ்சாவூரில் நீதிபதியாகப் பணியாற்றிய பர்னலின் புலமைக்குக் கடன்பட்டது. நூல் வெளிவருவதற்கு நான்காண்டுகளுக்கு முன்னரே, 1882-இல் அவர் மறைந்தார்.

எனினும் இந்நூல்களின் பயன்பாட்டுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. நாடு முழுமைக்கும் பொதுவான அகராதி பொதுப்பொருளையே தர இயலும். ஒரு வட்டத்தில் ஒரு காலத்தில் வழங்கிய அளவையும் மதிப்பும் அதன் வரையறைக்குள் அடங்கா. மேலும், வடிவத்தில் அயன்மை தெரியும் சொற்களே தொகுப்பாளரின் கவனத்தை மிகுதியும் ஈர்க்கின்றன. எளிய ஆங்கிலச் சொல் போலத் தோன்றி வேறு பொருள் தரும் சொற்கள் அவர் கண்ணுக்கு எளிதில் தப்பிவிடுகின்றன. இவ்விரு எல்லைகளாலும் நேரும் பிழைகளைப் பின்வரும் சொற்கள் விளக்கும்.

பணம், கண்டி

'ஃபேனம்' என்னும் ஆங்கிலச் சொல் 'பணம்' என்பதன் திரிபு. இது தமிழர் எவர்க்கும் எளிதில் புலனாவது. ஆனால் ஒரு ஃபேனம் எவ்வளவு என்னும் வினாவுக்கு வேர்ச்சொல் விடை தராது. சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு ஃபேனம். 42 ஃபேனம் ஒரு நட்சத்திரப் பகோடா. 1818-இல் சென்னை மாகாணத்தில் உரூபாய் நிலைநாணயமானபோது ஒரு பகோடாவுக்கு மூன்றரை உரூபாய் என மதிப்பிடப்பட்டது. அதன்படி ஒரு சென்னை ஃபேனம் 1 அணா 4 பை ஆகும்.

மைசூர் நாட்டில் வழங்கியதோ கண்டீரவப் பணம் எனப்பட்ட சிறு பொற்காசு. பத்துக் கண்டீரவப் பணம் ஒரு கண்டீரவ வராகன். பிற்கால உரூபாய்க் கணக்கில் அப்பணம் ஒன்று 4 அணா 8 பை மதிப்புடையது. ஆகவே மைசூர்ப் பணம் சென்னைப் பணத்தைப் போல மூன்றரை மடங்கு. புக்கானன் மைசூர்ப் பகுதிகளில் கூலி, விலை, வரி ஆகியவற்றைக் கண்டீரவக் கணக்கிலேயே குறிக்கிறார். அவருடைய நூலில் பத்துப் பணம் என வருவதைச் சென்னைக் கணக்கில் மாற்றுவோர் 13 அணா 4 பை எனக் கொள்வர். உரிய மதிப்போ 2 உரூபாய் 14 அணா 8 பை. ஓர் உழவரின் ஆண்டு வருவாய் பற்றிய முடிவே இதனால் தலைகீழாகிவிடும். சொல்லின் வேர் இங்கே சரியாகவே அறியப்பட்டுள்ளது, பொருள்தான் பிழைபட்டது.

'கேஷ்' என்னும் சொல்லிலும் இத்தகைய மயக்கம் உண்டு. காசு என்னும் சிறு நாணயத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் தமிழிலிருந்து போர்த்துக்கேயர் வழியாக வந்தது. ரொக்கம் என்னும் பொருளில் இன்று வழங்கும் அதே வடிவுடைய சொல் பணப்பேழையைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டையும் ஒன்றாக்கி, ஆங்கிலேயருக்கு ரொக்கம் என்னும் சொல்லையே தமிழ் தந்தது எனப் பெருமை கொள்வது சான்றுக்குப் பொருந்தாது.

'கண்டி' என்னும் அளவைச் சொல் இதனினும் நுட்பமானது. ஆங்கில ஆவணங்களில் 'கேண்டி' என வரும் சென்னைக் கண்டி 20 மணங்கு கொண்ட எடை. ஏறத்தாழ 500 ராத்தல். புக்கானன் குறிக்கும் 'கேண்டகா' கன்னடக் கண்டுகம். அது 20 கொளகம் கொண்ட முகத்தலளவை. இரண்டும் ஒரே வேரின. இரண்டிலும் இருபது என்னும் எண் உண்டு. ஆனால் ஒன்று நிறுத்தலளவை, மற்றொன்று முகத்தலளவை. அதனினும் மேலாக, கண்டுகம் நிலத்தின் பரப்பையும் குறித்தது. ஒரு கண்டுகம் விதை விதைக்கத்தக்க நிலம் ஒரு கண்டுக நிலம். நன்செயில் விதை நெருக்கமாகவும் புன்செயில் கலப்பாகவும் விழுவதால், ஒரே சொல் இருவகை நிலத்திலும் வெவ்வேறு பரப்பைக் குறிக்கும். எனவே கண்டுகத்தை ஒரே வாய்பாட்டால் ஏக்கராக மாற்றும் முயற்சி தொடக்கத்திலேயே தவறிவிடுகிறது.

அணைக்கட்டு, சாவடி, தோப்பு

ஆங்கிலம் கடன்பெற்ற சொல்லில் பழம்பொருள் தங்கி, கடன்கொடுத்த மொழியில் அப்பொருள் விரிந்துவிடுவதும் உண்டு. 'அனிகட்' இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பாசனப் பொறியியல் ஆங்கிலத்தில் அனிகட் என்பது ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டு, நீர்மட்டத்தை உயர்த்திக் கால்வாய்களுக்குத் திருப்பிவிடும் கட்டுமானம். மிகைநீர் அதன்மேல் வழிந்தோடும். நீரைத் தேக்கி வைத்தல் அதன் பணியன்று. கல்லணையும் கொள்ளேகாலுக்கு மேற்கே தலக்காட்டை அடுத்த மாதவமந்திரி அணைக்கட்டும் இவ்வகையின. கொள்ளேகாலைக் கடந்து செல்லும் காவிரி 1934-இல் மேட்டூரில் தேக்கப்பட்டபோது, பொறியாளர் அதனை அனிகட் எனக் குறிக்கவில்லை. இன்றைய தமிழிலோ 'அணைக்கட்டு' நீர்த்தேக்கத்தையும் உள்ளடக்கிய பொதுச்சொல்லாகிவிட்டது. ஆகவே பழைய ஆங்கில அறிக்கையில் வரும் அனிகட்டை இன்றைய அணைக்கட்டுப் பொருளில் கொள்பவர், இல்லாத நீர்த்தேக்கம் ஒன்றை வரலாற்றில் கட்டிவிடுகிறார்.

'சௌல்ட்ரி' இதற்கு மறுதலையானது. அதன் வேர் தமிழில் சாவடி. கன்னடத்திலும் தெலுங்கிலும் சாவடி என்றே ஒலிக்கும் சொல். பதினேழாம் நூற்றாண்டுச் சென்னையில் சௌல்ட்ரி என்பது வழக்குத் தீர்க்கும் மன்றம் அமைந்த இடம். பின்னர் அச்சொல் வழிப்போக்கர் தங்கும் சத்திரத்தையே பெரிதும் குறித்தது. இன்று பெங்களூரில் திருமண மண்டபத்திற்கு அது பெயராகியுள்ளது. கன்னட நாட்டுச் சிற்றூரில் சாவடி ஊர்ப்பொதுவிடம். வழிப்போக்கருக்கு உரியது சத்திரம். எனவே கொள்ளேகால் வழியே சென்ற ஆங்கிலேயர் ஒருவர் சௌல்ட்ரியில் தங்கினார் எனப் படிக்கும்போது, அதனைச் சாவடி என மொழிபெயர்ப்பது வேருக்கு உண்மையாகவும் பொருளுக்குப் பொய்யாகவும் முடியக்கூடும்.

'டோப்' என்னும் சொல்லின்கீழ் ஹாப்சன்-ஜாப்சன் மூன்று தனிச்சொற்களைப் பிரித்துக் காட்டுகிறது. ஒன்று பீரங்கி, மற்றொன்று தோப்பு, பிறிதொன்று பௌத்தத் தூபி. வேர் வெவ்வேறாயினும் ஆங்கில எழுத்தில் மூன்றும் ஒன்றே. ஊரின் புறத்தே டோப் இருந்தது என்னும் தொடரை மட்டும் கொண்டு அங்கே தூபி இருந்தது எனவோ மாந்தோப்பு இருந்தது எனவோ துணிதல் இயலாது. எழுதியவர் வடநாட்டு அலுவலரா, சென்னை அலுவலரா என்பதே பெரும்பாலும் பொருளை முடிவு செய்கிறது.

'கார்டன்': எளிய சொல்லின் அருமை

மேற்கூறிய சொற்கள் அயல் வடிவத்தால் படிப்பவரை எச்சரிக்கின்றன. 'கார்டன்' அவ்வாறு எச்சரிப்பதில்லை. பள்ளி மாணவரும் அறிந்த சொல் அது. வருவாய் ஆவணங்களில் நிலம் 'வெட்', 'டிரை', 'கார்டன்' எனப் பகுக்கப்படுகிறது. முதலிரண்டும் நன்செய், புன்செய் எனத் தடையின்றி விளங்கும். மூன்றாவதே சிக்கலுக்குரியது.

கோயம்புத்தூர் மாவட்டத்தில் 'கார்டன்' என்பது தோட்டக்கால். அதாவது புன்செய் நிலத்தில் கிணறு வெட்டிக் கவலையால் நீரிறைத்துப் பயிரிடும் நிலம். கம்பு, சோளம், கேழ்வரகு, புகையிலை முதலியன அங்கே விளைந்தன. மைசூர் வருவாய் மரபில் நிலம் 'குஷ்கி', 'தரி', 'பாகாயத்' என மூவகைப்படும். ஆங்கிலத்தில் இவையும் டிரை, வெட், கார்டன் என்றே பெயர்க்கப்பட்டன. ஆனால் பாகாயத் என்பது பாக்கும் தென்னையும் போன்ற பலனுள்ள மரங்களைக் கொண்ட தோட்டம். தமிழில் தோட்டம், கன்னடத்தில் தோட்ட, ஆங்கிலத்தில் கார்டன் என மும்மொழியும் ஒத்திருக்க, குறிக்கப்படும் நிலமோ வேறுவேறு.

1956-க்கு முன் கோயம்புத்தூர்க் கணக்கிலும், அதன்பின் மைசூர்க் கணக்கிலும் இடம்பெற்ற கொள்ளேகாலுக்கு இவ்வேறுபாடு மிகவும் நெருக்கமானது. இரு காலத்துப் புள்ளிவிவரங்களில் உள்ள கார்டன் பரப்பை அப்படியே ஒப்பிடுபவர், கிணற்றுப் பாசன நிலத்தையும் பாக்குத் தோட்டத்தையும் ஒப்பிடும் நிலைக்கு ஆளாகலாம். தோட்டக்கால் பெருகுவது, வறட்சியை எதிர்கொள்ளக் குடியானவர் தம் உழைப்பால் கிணறு வெட்டியதைக் காட்டும்; பாகாயத் பெருகுவது நிலையான கால்வாய் நீரையோ ஏரி நீரையோ நீண்டகால முதலீட்டையோ காட்டும். பஞ்ச காலத்து உணவு நிலை பற்றிய ஆய்வில் இவ்விரண்டும் ஒன்றாகா. கொள்ளேகாலின் புகழுக்குக் காரணமான பட்டுத் தொழிலுக்கு அடிப்படையாகிய முசுக்கொட்டைப் பயிரும் இங்கே நோக்கத்தக்கது. அது இப்பகுதியில் பெரிதும் மானாவாரியாக வளர்க்கப்பட்டது. பட்டு என்றவுடன் செழிப்பான நீர்வளத்தைக் கற்பனை செய்து அதனைக் கார்டன் நிலத்தில் தேடுவோர், புன்செய்க் கணக்கில் அது மறைந்து கிடப்பதைக் காணத் தவறுவர்.

ஜாகீர், பாலிகார்

சில சொற்கள் ஆட்சியதிகாரத்தின் மாற்றத்தைத் தம்முள் சுமந்துள்ளன. 'ஜாகீர்' என்பது பாரசீகச் சொல். முகலாயர் ஆட்சியில் அது அரசப் பணிக்கு ஈடாகக் குறிப்பிட்ட நிலத்தின் வருவாயை ஒதுக்கித் தருதலைக் குறித்தது. அவ்வுரிமை மாற்றத்தக்கது, பரம்பரையாக வருவதன்று. சென்னை ஆவணங்களிலோ 'தி ஜாகீர்' எனத் தனித்து வந்தால் அது ஒரு நாட்டுப் பகுதியின் பெயர். 1763-இல் ஆர்க்காட்டு நவாபு கம்பெனிக்கு அளித்த செங்கற்பட்டுச் சீமையையே அது குறிக்கும்.

கொள்ளேகால் வட்டாரத்தில் இச்சொல்லுக்கு மூன்றாவதொரு பொருள் அமைந்தது. மைசூர் ரெசிடென்டிடம் பணியாற்றிய திருவேற்காடு இராமசாமி முதலியார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிவசமுத்திரத் தீவுக்குப் பாலம் சீரமைத்து ஜாகீர் பெற்றார். அண்மையிலுள்ள எளந்தூர், திவான் பூர்ணையாவுக்கு 1807-இல் ஜாகீராக அளிக்கப்பட்டது. இவை நற்பணிக்கு நன்றியாக வழங்கப்பட்டு வழிவழி நுகரப்பட்ட கொடைகள். முகலாயப் பொருளையோ செங்கற்பட்டுப் பொருளையோ இங்கே ஏற்றினால் கொடையின் தன்மையே மறைந்துவிடும்.

'பாலிகார்' என்பது பாளையக்காரர் என்பதன் திரிபு, கன்னடத்தில் பாளெயகாரர். தமிழ்ச் சொல் படைப்பொறுப்பும் ஊர்க்காவலும் உடைய தலைவரைக் குறிக்கிறது. ஆங்கில ஆவணங்களில் அச்சொல் அடங்காதவர், கொள்ளையிடுபவர் என்னும் சாயலை ஏற்றது. 1799 முதல் 1801 வரை தென்பாண்டி நாட்டில் நடந்த போர்களை அடக்கியவர்களே அவற்றைப் பற்றிய அறிக்கைகளையும் எழுதினர் என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. சொல் தமிழிலிருந்து சென்றது. அதன்மீதான தீர்ப்பு கோட்டையிலிருந்து வந்தது. மொழிபெயர்ப்பவர் பாளையக்காரர் என மீட்டெழுதும்போது அத்தீர்ப்பு கண்ணுக்குத் தெரியாமல் தமிழுக்குள் நுழைந்துவிடுகிறது.

மொழிப்பெயர்களும் சொல்லுரிமையும்

மொழியையும் மக்களையும் குறிக்கும் பழஞ்சொற்கள் தனிக்கவனம் வேண்டுவன. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'மலபார்' என்பது பல இடங்களில் தமிழைக் குறித்தது. வேப்பேரியில் 1779-இல் பப்ரிசியுஸ் வெளியிட்ட தமிழ்-ஆங்கில அகராதி மலபார் அகராதி என்றே பெயர் பெற்றது. 1807-இல் வெளிவந்த புக்கானன் நூலின் தலைப்பிலுள்ள மலபாரோ மேற்குக் கடற்கரை நாடு. 'ஜென்டூ' சென்னையில் தெலுங்கரையும் தெலுங்கையும் குறித்தது. 1776-இல் ஹால்ஹெட் வெளியிட்ட ஜென்டூ சட்ட நூலில் அது இந்துக்களைக் குறித்தது. எல்லைப்புற வட்டங்களின் மக்கட்பரப்பை ஆராய்வோர்க்கு இம்மயக்கம் பெருங்கேடு விளைக்கும்.

இதனோடு தொடர்புடையது சொல்லுரிமை பற்றிய வினா. சந்தையைக் குறிக்கும் 'ஷாண்டி', தோப்பைக் குறிக்கும் 'டோப்', அணைக்கட்டைக் குறிக்கும் 'அனிகட்' ஆகியவை தமிழிலிருந்து ஆங்கிலம் பெற்றவை எனக் கூறுவது வழக்கம். கடற்கரைச் சென்னையைப் பொறுத்தவரை இதற்கு வலுவான அடிப்படை உண்டு. ஆயின் கன்னடத்தில் சந்தெ, தோப்பு, அணெகட்டு என்பன வழங்குகின்றன. கொள்ளேகாலில் ஓர் அலுவலர் வாரச்சந்தையை ஷாண்டி என எழுதியபோது, மாகாண ஆங்கிலத்தின் பயிற்சி அவர் கையிலும் ஊராரின் கன்னடம் அவர் செவியிலும் இருந்தன. சொல் எம்மொழியில் தோன்றியது என்பதும், குறித்த ஆவணத்தில் எம்மொழி வழக்கைப் பதிவு செய்கிறது என்பதும் தனித்தனி வினாக்கள். முதல் வினாவுக்கான விடையை இரண்டாவதற்கும் உரியதாக்குவது அங்குள்ள மக்களின் மொழியை மறைப்பதாகும். ஊர்க்கணக்கரைச் சென்னை மரபு 'கர்ணம்' என்றும் மைசூர் மரபு 'சானுபோகர்' என்றும் குறிப்பதைக் கொண்டு, இரு நாட்டிலும் இருவேறு பதவிகள் இருந்தன என முடிவு செய்வதும் இத்தகைய பிழையே.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் சில செய்திகள் புலனாகின்றன. பழைய ஆங்கில அருஞ்சொல்லுக்குப் பொருள் காண்போர் நான்கு வினாக்களை எழுப்ப வேண்டியுள்ளது: சொல் எங்கிருந்து வந்தது, எழுதியவர் எந்த நிருவாக மரபைச் சார்ந்தவர், எந்த ஆண்டில் எழுதினார், எந்த ஊரைப் பற்றி எழுதினார். தமிழ் ஆய்வுலகம் முதல் வினாவில் பெரும்புலமை காட்டியுள்ளது. ஏனைய மூன்றும் அதே அளவு கவனம் பெறுதல் வேண்டும். ஃபேனத்தின் மதிப்பும் கார்டனின் பொருளும் அம்மூன்றாலேயே உறுதிப்படுகின்றன.

ஹாப்சன்-ஜாப்சன் முதலிய களஞ்சியங்கள் தேடலின் தொடக்கமாகக் கொள்ளத்தக்கன. அவற்றையே முடிவாகக் கொள்ளுதல் பொருந்தாது. அவற்றின் ஆண்டு வரிசை மேற்கோள் முறையைப் பின்பற்றி, வட்டம் வட்டமாகச் சொற்பொருட் களஞ்சியம் தொகுக்கும் பணி மேற்கொள்ளப்பட வேண்டும்.

அப்பணிக்குக் கொள்ளேகால் மிகப் பொருத்தமான களம். கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதியாக அது இருந்த காலத்து வரலாற்றை அறியச் சென்னையிலுள்ள மாகாண ஆவணங்கள் தேவை. அதற்கு முந்தைய, பிந்தைய வரலாற்றை அறியக் கன்னட ஆவணங்கள் தேவை. மாநில எல்லை மாறியதனாலேயே ஒரு வட்டத்தின் ஒன்றரை நூற்றாண்டு தமிழாய்வுக்குப் புறம்பாகவும், அதன் ஆங்கிலச் சொற்கள் கன்னட ஆய்வுக்கு அயலாகவும் போய்விடுதல் கூடாது. தமிழறிஞரும் கன்னட அறிஞரும் ஒருங்கிருந்து ஓர் ஆவணத்தைப் படிக்கும்போதுதான் கார்டன் என்னும் சொல்லின் பின்னே கிணறு இருந்ததா, பாக்குமரம் இருந்ததா என்பது தெளிவாகும்.